பழைய காரில் ஆயில் ஒழுகுகிறது: கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 22 வருடம் ஆன பெட்ரோல் கார். 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. போன தடவை ஆயில் மாற்றும்போது சாதா ஆயிலை விட்டுவிட்டு சிந்தெடிக் ஆயிலுக்கு மாறினேன். அதிலிருந்து காலையில் வண்டியை எடுத்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்தால் மறுநாள் கறை இன்னும் பெரிதாக இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது சில சமயம் கருகின வாடையும் வருகிறது. மெக்கானிக் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பின்பக்க மெயின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார். என் மாமாவோ, "பழைய வண்டி ஒழுகத்தான் செய்யும், ஊத்திக்கிட்டே ஓட்டு" என்கிறார். ஒழுகுகிறதே என்று நானும் டிப் ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில்) இருக்கும் மேல் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றி வைக்கிறேன். ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்களே, அதை ஊற்றிப் பார்க்கலாமா?

பதில்:

கறையை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது அந்தக் கருகின வாடை. பின்பக்க மெயின் சீல் என்பது ஆயில் வெளியே வராமல் அடைக்கும் வளையம். அது இருப்பது இன்ஜினின் பின்கோடியில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் வெளியே வந்து ஃபிளைவீலைப் பிடிக்கும் இடத்தில். அங்கே ஒழுகும் ஆயில் பெல் ஹவுசிங்குக்குள் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும் கூட்டுக்குள்) இறங்கி, அதன் அடிப்பக்க இடுக்கு வழியாகத் தரையில் சொட்டும். மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எரிந்த புகையை இன்ஜினிலிருந்து வெளியே கொண்டுபோகும் சூடான குழாய்) மீது அது ஏறிப் போக வழியே கிடையாது. அடியில் ஓடும் சைலன்சர் குழாயில் கொஞ்சம் தெறித்து வாடை வரலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில், பானெட் பக்கமிருந்து வாடை வருகிறது என்றால் ஆயில் மேலிருந்து, சூடான மேனிஃபோல்ட் மீது இறங்குகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மேலே இருப்பது டேப்பட் கவர், அதாவது இன்ஜின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் மூடி. அதன் பேக்கிங் (ஓரத்தை அடைக்கும் ரப்பர்) இறுகிப்போய்க் கசிந்தால், முன்பக்கமாக வந்தால் மேனிஃபோல்டில் விழும், பின்பக்கமாக வந்தால் இன்ஜின் முதுகோடு வழிந்து நேராகப் பெல் ஹவுசிங் சேரும் இடத்துக்குப் போய் நிற்கும். அதாவது மெயின் சீல் ஒழுகினால் எந்த இடம் நனையுமோ, அதே இடம்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடியில் படுத்துப் பார்க்கிறவருக்குத் தெரிவது கடைசியாக நனைந்த இடம் மட்டும்தான். ஆயில் கீழ்நோக்கி இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆக, இன்ஜினில் எந்த மூலையில் ஒழுகினாலும் கடைசியில் எல்லாம் பின்பக்கத்து அடியில்தான் வந்து கூடும். அங்கே ஈரம் இருப்பதை வைத்து மட்டும் மெயின் சீல் என்று முடிவுகட்டி கியர்பாக்ஸை இறக்கினால், வேலையெல்லாம் முடிந்து ஒரு வாரத்தில் அதே இடம் மறுபடி நனையும் வாய்ப்பு நிறைய. இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்க்கிற கதை இது.

அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் இன்ஜினைக் கழுவுங்கள். கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இதுதான். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டிகிரீசரை அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பழைய பிசுக்கு முழுக்கப் போகும்வரை துடைக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஏர் ஃபில்டர் வாய், வயர் இணைப்புகள் இவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். பிரஷர் வாட்டர் வேண்டாம், அது தண்ணீரை சீலுக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் ஏற்றிவிடும். பெட்ரோல் ஊற்றிக் கழுவும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஒரு பொறி போதும், தயவுசெய்து அது வேண்டாம். அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

கழுவிக் காய்ந்ததும் ஸ்டார்ட் செய்து பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லையா, பக்கத்தில் ஒரு சுற்றுப் போய் வந்து பாருங்கள். அப்புறமும் தெரியாவிட்டால் உங்கள் வழக்கமான நீண்ட தூரம். ஒவ்வொரு முறையும் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிறது? ஊற்று அங்கேதான் இருக்கும். அதற்குக் கீழே நனைந்திருப்பதெல்லாம் வழிந்து வந்தது. சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் கண்ணுக்கு எட்டாது. செல்போன் கேமராவை உள்ளே நீட்டி வீடியோ எடுத்தால் போதும், கண்ணாடி பிடித்துப் பார்த்த காலமெல்லாம் போய்விட்டது. கசிவு மிகவும் மெதுவாக இருந்தால் சந்தேகப்படும் ஓரங்களில் டால்கம் பவுடரை லேசாகத் தூவி விடுங்கள். ஆயில் வந்த தடம் பவுடரில் கோடாகத் தெரியும். பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் பவுடர் வேண்டாம். இதிலும் பிடிபடாவிட்டால் ஆயிலோடு கலக்கும் யூவி சாயம் இருக்கிறது. அதை ஊற்றிச் சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசிந்த பாதை பளிச்சென்று ஒளிரும். உங்கள் கேஸில் அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஒழுகுவது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றைப் போட்டு, முன்சக்கரம் இருந்த இடத்தை அதில் குறித்து வையுங்கள். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். இந்தக் கடைசி வகை உங்களுக்கு முக்கியம். கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் போனாலும் ஆயில் அதே பெல் ஹவுசிங் இடுக்கு வழியாகத்தான் சொட்டும், அதையும் மெயின் சீல் என்று சொல்லிவிடுவார்கள். விரலில் தொட்டு முகர்ந்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

சரி, கழுவியாயிற்று. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? கடைசியாக யார் கை எங்கே பட்டதோ அங்கிருந்து. உங்களுக்கு ஒழுக்கு ஆரம்பித்ததே ஆயில் மாற்றிய பிறகுதான். அப்போது தொட்ட இடங்கள் மூன்று: டிரெயின் போல்ட், ஆயில் ஃபில்டர், ஊற்றும் மூடி. டிரெயின் போல்டில் இருக்கும் வாஷர் நசுங்கி அடைப்பதற்காகவே செய்யப்பட்டது. பழையதையே மறுபடி போட்டால் கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்கினால் சம்பின் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின்) மரை போய்விடும், அது தனித் தொல்லை. ஃபில்டரில் நடப்பது வேறு. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் புது ஃபில்டரை அதன் மேலேயே திருகினால் ரப்பர் மேல் ரப்பர். கொஞ்ச நாள் சாதுவாக இருந்துவிட்டு ஒரு நாள் பிய்த்துக்கொண்டு மொத்த ஆயிலையும் கொட்டிவிடும். அதை இன்றைக்கே பாருங்கள். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரும் 22 வருடத்தில் கல்லாகியிருக்கலாம். ஒரு விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் அடுத்தது டேப்பட் கவர் பேக்கிங், அதோடு ஸ்பார்க் பிளக் குழியைச் சுற்றி இருக்கும் சீல்கள். பிளக் வயரைக் கழற்றிக் குழிக்குள் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் அந்தச் சீலும் போய்விட்டது என்று அர்த்தம். வண்டி மிஸ்ஸிங் அடிப்பதற்கும் அது காரணமாகும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ ரிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச். இந்தச் சின்ன ஸ்விட்சைப் பலர் மறந்தே போகிறார்கள். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் ஆயில் வயர் கனெக்டர் வழியாக வெளியே வரும். கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்து உள்ளே ஈரமாக இருந்தால் ஸ்விட்சை மாற்றுங்கள், அரை மணி நேர வேலை. ஆயில் பிரஷர் நேரடியாக அதில் இருப்பதால் சின்ன ஓட்டையிலும் நிறையப் போகும். அதற்கப்புறம்தான் முன்பக்க கேம் சீல் (வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் முனையில் இருப்பது), கிராங்க் சீல், சம்ப் பேக்கிங். எல்லாவற்றுக்கும் கடைசியில் மெயின் சீல்.

நீண்ட தூரம் ஓட்டினால் கறை பெரிதாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? இதற்கு ஒரு காரணம் எளிது. சூடான ஆயில் இளகலாக இருக்கும், கூடுதலாகக் கசியும். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் பேக்கிங், சீல் எதை மாற்றினாலும் வீண்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் நூற்றுக்கு நூறு அடைக்காது. எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மெக்கானிக்குகள் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். இன்ஜின் பழசாக ஆக இது கூடும், வேகமாக ஓட்ட ஓட்ட இன்னும் கூடும். இந்த வாயு வெளியே போவதற்காகத்தான் பிசிவி வால்வு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது வாயுவை மறுபடி இன்டேக் பக்கம் இழுத்துக்கொண்டு போய் எரிய விட்டுவிடும். அந்த வால்வோ அதன் குழாயோ பிசுக்கு பிடித்து அடைத்துக்கொண்டால் வாயுவுக்குப் போக்கிடம் இருக்காது. உள்ளே அழுத்தம் ஏறும், எந்தச் சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மூடி இறுகிய குக்கரில் விசில் அடைத்தால் ஆவி கேஸ்கெட் ஓரமாகப் பீறுவது போலத்தான். கேஸ்கெட்டை மாற்றிப் பயனில்லை, விசிலைச் சுத்தம் செய்ய வேண்டும்.

சோதிப்பது சுலபம். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பிசிவி வால்வை டேப்பட் கவரிலிருந்து உருவி, அந்த வால்வின் வாயில் விரலை வையுங்கள். விரலை இழுக்க வேண்டும், இழுத்தால் வால்வும் குழாயும் வேலை செய்கின்றன. இன்ஜினை அணைத்துவிட்டு வால்வைக் காதருகே குலுக்கினால் பழைய மாடல்களில் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும். சத்தமே இல்லை என்றால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து, வால்வைத் திரும்பப் பொருத்தி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயில் ஒரு காகிதத்தை லேசாக வைத்துப் பாருங்கள். சில இன்ஜின்களில் திறந்ததும் ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் ஒட்டிக்கொண்டாலோ லேசாகத் துடித்தாலோ பரவாயில்லை. பஃப் பஃப் என்று தள்ளி எறிந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்து அங்கே ஆயில் ஈரம் இருந்தால் அதுவும் இதற்குச் சாட்சி. வால்வை மாற்றி, குழாயைச் சுத்தம் செய்த பிறகும் காகிதம் பறக்கிறது என்றால் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. வால்வு என்பது இன்ஜினில் இருப்பதிலேயே மலிவான உதிரிகளில் ஒன்று, ஆனால் பழைய வண்டிகளில் பலர் அதை ஒரு முறைகூட மாற்றியிருக்க மாட்டார்கள்.

இனி சிந்தெடிக் ஆயில் விஷயம். "சிந்தெடிக் ஊத்தினா ஒழுகும்" என்று சொல்வது ஒரு காலத்தில் முழுப் பொய்யும் இல்லை. ஆரம்பகால சிந்தெடிக் ஆயில்களில் ரப்பர் சீல் கொஞ்சம் சுருங்கும் தொல்லை இருந்தது. இப்போது வருபவற்றில் அதைச் சரிக்கட்டும் சேர்மானம் கலந்தே வருகிறது. இன்றைக்கு நடப்பது பெரும்பாலும் வேறு: பழைய ஆயில் விட்டுப்போன கசடுதான் விரிசல் விட்ட பேக்கிங்கை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்திருக்கும். புது ஆயில் கசடைக் கரைத்ததும் இருந்த ஓட்டை தெரிய ஆரம்பிக்கிறது. அதனால் திரும்பச் சாதா ஆயிலுக்கு ஓட வேண்டியதில்லை, ஓடினாலும் ஓட்டை மூடாது. பார்க்க வேண்டியது கிரேடு. கையேட்டில் 10டபிள்யூ-40 போடச் சொல்லியிருக்கும்போது நீங்கள் 0டபிள்யூ-20 ஊற்றியிருந்தால், அது தவறு. முன்னால் இருக்கும் எண் குளிரில் எவ்வளவு இளகலாக ஓடும் என்பதையும், பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. கையேடு பல கிரேடுகளை அனுமதித்தால் அதில் கெட்டியானதைத் தேர்ந்தெடுங்கள், ஒழுக்கு கொஞ்சம் குறையும். கையேட்டைத் தாண்டிக் கெட்டியாகப் போனால் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் மேலே கேம் ஷாஃப்டுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும்.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கூடுதல் ஆயில் ஒரு சேமிப்பு என்று நினைக்கிறீர்கள், இன்ஜினுக்கு அது தொல்லை. சம்பில் மட்டம் ஏறினால் சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயிலைப் பம்ப் சரியாக இழுக்காது. கூடவே பிசிவி வழியாக இன்டேக்குக்குள் ஆயில் போகும், சீல்கள் மீதும் கூடுதலாகத் தெறிக்கும். சுருக்கமாக, ஒழுகுகிறது என்று கூட ஊற்றி, கூட ஊற்றியதால் ஒழுக வைக்கிறீர்கள். டிப் ஸ்டிக்கில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் ஒரு லிட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கும். முக்கால்வாசியில் நின்றாலே இன்ஜினுக்குப் போதும்.

எவ்வளவு ஒழுகுகிறது என்பதைத் தரையைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 சொட்டு வரும். ராத்திரி முழுக்கப் பத்துச் சொட்டு விழுந்தால் அரை மில்லிலிட்டர், மாதத்துக்கு 15 மில்லிலிட்டர். ஆனால் தரையில் அது பரவிக் காட்டும் காட்சி ஏதோ இன்ஜினே காலியாகிவிட்டது போல இருக்கும். மறுபக்கமும் உண்டு. ராத்திரி சொட்டுவது, ஓடும்போது கசிந்து இன்ஜின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம்தான். இன்ஜின் ஓடி, ஆயில் சூடாகி, பிரஷரில் இருக்கும்போது போவதெல்லாம் ரோட்டோடு போய்விடும், உங்கள் கண்ணில் படாது. பிரஷர் ஸ்விட்ச் போன்ற இடத்தில் ஒழுகும் வண்டி, நிறுத்தியிருக்கும்போது சுத்தமாக இருந்துவிட்டு ஓட்டத்தில் லிட்டர் கணக்கில் இழக்கும். 

அதனால் அளவுகோல் டிப் ஸ்டிக்தான். சமமான தரையில், தினமும் நிறுத்தும் அதே இடத்தில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு அளவு போட்ட பாட்டிலால் மறுபடி மேல் கோடு வரும்வரை ஊற்றினால் எவ்வளவு போயிருக்கிறது என்று சரியாகத் தெரியும். வழியில் கீழ்க் கோட்டை நெருங்கினால் 1,000 வரை காத்திருக்க வேண்டாம். என் கணக்குப்படி, இந்த வயது வண்டியில் 200, 250 மில்லிலிட்டர் வரை போனால் தூக்கம் கெட வேண்டியதில்லை. அரை லிட்டரைத் தாண்டினால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், காணாமல் போகும் ஆயில் எல்லாம் ஒழுகித்தான் போகும் என்று இல்லை, எரிந்தும் போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் (பிசிவி அல்ல, சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் வால்வுகளின் சீல்). அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்.

உங்கள் மாமா சொன்னதில் பாதி சரி. பழைய வண்டியை ஒரு சொட்டுகூட ஒழுகாமல் வைத்திருக்க வேண்டும் என்று கிளம்பினால் முடிவே இல்லை. சம்ப் ஓரத்தில் லேசாக வேர்த்து, நேராகத் தரையில் விழும் ஆயிலோடு பல வருடம் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தலாம். ஆனால் எவ்வளவு போகிறது என்பதைவிட எங்கே போய் விழுகிறது என்பது முக்கியம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் அது தீப்பிடிக்கும் விஷயம். இன்ஜின் ஆயிலின் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை 200 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே. கடும் ஓட்டத்தில் மேனிஃபோல்ட் அதைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும். டைமிங் பெல்ட் (கிராங்க் ஷாஃப்ட் கேம் ஷாஃப்டைச் சுழற்ற உதவும் பெல்ட்) மீது விழுந்தால் பெல்ட்டின் ரப்பர் ஊறி, பல் உதிர்ந்து, ஒரு நாள் அறுந்துவிடும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதும், அப்புறம் ஆயில் ஒழுக்கு உங்கள் கவலையாக இருக்காது. கிளட்ச் பிளேட் நனைந்தால் வண்டி எடுக்கும்போது உதறும், ஏற்றத்தில் வழுக்கும். ரேடியேட்டர் ஹோஸும் இன்ஜின் மவுண்ட் ரப்பரும் ஆயிலில் ஊறினால் உப்பி இளகிவிடும். ஆல்டர்னேட்டருக்குள் தொடர்ந்து சொட்டினால் அதுவும் போய்விடும். இந்த இடங்களில் விழுந்தால் ஒரு நாளைக்கு மூன்றே சொட்டு என்றாலும் சரி செய்துதான் ஆக வேண்டும். உங்கள் வாடை இந்தப் பட்டியலின் முதல் இடத்தில் இருக்கிறது, அதனால் "ஊத்திக்கிட்டே ஓட்டு" உங்களுக்குப் பொருந்தாது. சரிசெய்யும்வரை வண்டியில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

பாட்டில் மருந்தைப் பற்றி. அதில் இருப்பது இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் ஊற வைத்து இளக்கும் ரசாயனம். சுழலும் ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் வயதாகி இறுகியதால் மெதுவாகக் கசிகிறது என்றால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் குறைய வாய்ப்பு உண்டு. கிழிந்த பேக்கிங், தளர்ந்த போல்ட், உடைந்த ஸ்விட்ச், அடைத்த பிசிவி இவற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. கெட்டியாக்கி ஒழுக்கை நிறுத்தும் வகைகளைத் தொடவே வேண்டாம், சின்னச் சின்ன ஆயில் வழிகள் அடைபடும். எதையாவது முயன்றே தீர வேண்டும் என்றால் அதிக கிலோமீட்டர் ஓடிய இன்ஜின்களுக்கென்று வரும் ஆயிலை அடுத்த முறை போடுங்கள். அதிலேயே சீலுக்கான சேர்மானம் அளவாக இருக்கும். ஆனால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியும் முன்னால் எதையும் ஊற்றாதீர்கள். கொஞ்சம் குறைந்து கொஞ்சம் கூடி, தடயம்தான் குழம்பும்.

டேப்பட் கவர்தான் என்று தெரிந்தால் அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் அவசரக்காரர்கள் கெடுப்பார்கள். போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிப் பார்ப்பது முதல் தப்பு. இறுகிப்போன ரப்பர் அதனால் இளகாது, தகரக் கவர் வளையும் அல்லது அலுமினிய ஹெட்டில் மரை போகும். இந்த போல்ட்டுகளுக்குத் தேவையான இறுக்கம் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும், அதாவது சின்ன ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் மட்டும். உங்கள் இன்ஜினுக்கான எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தடவையாக இறுக்கச் சொல்லுங்கள். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் இருந்தால் அதையும், பிளக் குழி சீல்களையும் பேக்கிங்கோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். இரண்டாவது தப்பு சிலிக்கான். ரப்பர் பேக்கிங் முழுக்க சிலிக்கான் பூசினால் வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயிலோடு போய்ப் பம்பின் சல்லடையை அடைத்தால் இன்ஜினுக்கே ஆபத்து. கையேடு சொல்லும் மூலைகளில், கேம் ஷாஃப்ட் வளைவு ஹெட்டோடு சேரும் இடங்களில், ஒரு பொட்டு வைத்தால் போதும். இரண்டு பக்கமும் பழைய ஆயில் ஈரமே இல்லாமல் துடைத்திருக்க வேண்டும், பாக்கெட்டில் எழுதியிருக்கும் நேரம் வரை காய விட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

எல்லாம் பார்த்து, கழுவி, பிசிவியும் மாற்றி, மேலே துளி ஈரம் இல்லாமல் பெல் ஹவுசிங் அடியிலிருந்து மட்டும் சொட்டுகிறது என்றால் மெக்கானிக் சொன்னது சரி, மெயின் சீல்தான். அப்போதும் அவசரமில்லை. கிளட்ச் வழுக்காமல், 1,000 கிலோமீட்டருக்குப் போகும் ஆயில் சொன்ன அளவுக்குள் இருந்தால், கிளட்ச் மாற்ற வேண்டிய காலம் வரும்வரை தள்ளிப் போடலாம். இந்த வேலையில் செலவு சீலுக்கு இல்லை, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிக்குத்தான். அதனால் இறக்கும் நாளில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸின் இன்புட் சீல் எல்லாவற்றையும் பார்த்து, வேண்டியதை மாற்றிவிடுங்கள். புது சீலைப் போடுவதற்கு முன் கிராங்க்கில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து ஒழுகும். அதற்கென்று வரும் மெல்லிய உலோக உறையைப் போடலாம், அல்லது இடம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, தேயாத இடத்தில் உரச விடலாம்.

அதுவரைக்கும் நிறுத்துமிடத்தில் ஒரு தட்டையான டிரேயில் மரத்தூள் பரப்பி வையுங்கள். கறை படிந்த தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் சாக்கடையில் விட வேண்டாம், மரத்தூளைத் தூவித் தேய்த்து அள்ளிவிடுங்கள். வடித்த ஆயிலைப் பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். தொடும்போது கையுறை போடுங்கள், ஓடிய ஆயில் தோலுக்கு ஆகாது. ஆயில் விளக்கு எரிந்தால் பிறகு பார்க்கலாம் என்று நினைக்காமல் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். அது மட்டத்தைக் காட்டும் விளக்கு அல்ல, பிரஷரைக் காட்டுவது. அது எரியும் நேரத்தில் பேரிங்குகள் ஏற்கெனவே காய ஆரம்பித்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் ஒரு தகவல் இல்லை: இந்த இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? ஒரு வருடம் முன்புதான் வாங்கியிருக்கிறீர்கள், முந்தைய உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, டேப்பட் கவரைத் திறக்கும் அன்றைக்கே பெல்ட் கவரின் மேல் பாதியையும் கழற்றி உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முன்பக்க கேம் சீல், கிராங்க் சீல், பெல்ட் மூன்றையும் ஒரே வேலையாக முடித்த பிறகே அடுத்த நீண்ட பயணம்.